கொழுந்துத் தராசும் கமராக் கண்ணும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையிலே பக்தியைப் பற்றிப் பேசுவார்கள். இல்லையேல் கல்வியைப் பற்றிப் பேசுவார்கள். கமராவைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டபோது, "இந்து வாலிபர் சங்கத்துக்கும் கமராவுக்கும் என்ன சம்பந்தம்?" என்றோம். "மலர்க் குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லுங்கள், சம்பந்தம் தானாக வரும்" என்றார். ஆகவே நடந்ததிலிருந்தே தொடங்குகிறோம்.

கடந்த மாசி மாதம் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காமன் கூத்து நடந்தது. காமன் பொட்டலில் கம்பம் நாட்டி, இரவுக்கு இரவு கதை வளர்ந்து, கடைசி இரவிலே சிவபெருமான் நெற்றிக்கண் திறக்கக் காமன் எரியும் கட்டத்தை நமது சங்க வாலிபர் இருவர் படம் பிடித்தார்கள். நின்ற இடம் ஒன்று. வெளிச்சமும் ஒன்றே: எரிகிற தீயும், தூரத்தில் தொங்கிய ஒரு மின்குமிழும். ஒருவர் கையில் புத்தம் புதிய கைத்தொலைபேசி. மற்றவரிடம் இருந்தது பத்து வருடப் பழைய கமரா. அதிலும் அவர் எந்தத் திருத்தமும் செய்யாத மூலப் படமாகவே சேமித்திருந்தார்.

இரண்டையும் மலர்க் குழுவின் மேசையில் வைத்தார்கள். பழைய கமராவின் படம் முழுவதும், சோற்றிலே மிளகுத்தூள் கொட்டியது போலப் புள்ளி மயம். புதிய தொலைபேசியின் படமோ கண்ணாடி போலச் சுத்தம். பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சுத்தமான படத்தையே எடுத்தார்கள். நாமும் அந்தக் கட்சியில்தான் இருந்தோம் என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அப்போதுதான் கூத்து வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைக் கையில் எடுத்தார்.

"தம்பி, படம் பளிச்சுன்னுதான் இருக்கு. தீப்பொறி எங்கய்யா? அன்னைக்கு ராத்திரி பொறி பறந்து என் வேட்டியில ரெண்டு ஓட்ட விழுந்துச்சே!"

பார்த்தோம். தீ இருந்தது, பொறி ஒன்றுகூட இல்லை. ரதி வேடம் கட்டிய பையனின் தாயார் அவ்வேளை தேநீர் கொண்டுவந்தவர், தட்டை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "நம்ம பயதான். ஆனா நெத்தித் தழும்பக் காணோமே" என்றார்.

தொலைபேசிக்காரத் தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயா, அது இரைச்சல் குறைப்பு. இந்தப் போனில் இரைச்சல் அரைவாசி என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறார்கள்" என்றார். "படத்துல ஏதுய்யா இரைச்சல்?" என்று வாத்தியார் கேட்டார். அன்றைய தேநீர் ஆறிப்போனது அந்தக் கேள்வியால்தான்.

இரைச்சல் என்ற சொல்லைக் கமராக்காரருக்குத் தந்தவர்கள் தொலைபேசி, வானொலித் துறைக்காரர்கள். மலைக்குப் பின்னாலிருக்கும் தோட்டத்தில் வானொலிப் பெட்டியைத் திருகினால் பாட்டோடு கூடக் கரகரவென்று ஒன்று வருமே, அதுவே இரைச்சல். கேட்க விரும்பியதோடு சேர்ந்து வரும் விரும்பாத ஆட்டத்துக்கு அந்தப் பெயர். படத்திலே அது புள்ளியாகத் தெரிகிறது. இந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் முழு விவாதமும் அடங்கியிருக்கிறது.

ஐப்பசி கார்த்திகையில் நமது பதுளைக்கு வடகீழ்ப் பருவமழை வருகிறது. தூறல் விழும்போது லயத்து வாசலிலே ஒரே அளவான பத்துத் தகர டின்களை வரிசையாக வைத்து, சில விநாடி கழித்து எடுத்து, எத்தனை துளி விழுந்தது என்று எண்ண முடிந்தால் என்ன காண்போம்? ஒன்றில் 9, அடுத்ததில் 12, பிறகு 7, பிறகு 11. மழை ஒன்றுதான்; டின்னும் ஒன்றுதான்; ஆனால் எண்ணிக்கை ஆடுகிறது. டின்னின் பிழையல்ல, வானத்தின் பிழையுமல்ல. துளி துளியாக விழும் எதற்கும் இதுதான் இயல்பு. ஒளியும் அப்படித் துளி துளியாகவே வருகிறது. கமராவினுள்ளே இருக்கும் ஒளி உணரி என்பது நகத்தளவு சிலிக்கன் தகட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட டின்களை அடுக்கி வைத்தது போன்ற சாதனம். ஒளித்துளி விழுந்தால் அங்கே ஓர் இலத்திரன் விடுபடும். அதை எண்ணுவதே படம் பிடித்தல்.

இந்த ஆட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மின்னோட்டத்தில் இதனை 1918ஆம் ஆண்டு ஜெர்மனிய விஞ்ஞானி வால்ட்டர் ஷொட்கி எடுத்துக் காட்டினார். ஒளிக்கும் அதே கணக்குத்தான். விழுந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ, ஆட்டமும் அவ்வளவு. 10,000 துளி விழுந்தால் ஆட்டம் 100, அதாவது நூற்றுக்கு ஒன்று; கண்ணுக்குப் புலப்படாது. 100 துளி விழுந்தால் ஆட்டம் 10, நூற்றுக்குப் பத்து. 4 துளியே விழுந்தால் ஆட்டம் 2, பாதிக்குப் பாதி! பகலில் படம் சுத்தமாகவும் இரவில் புள்ளி மயமாகவும் இருப்பதன் காரணம் இதுவே. நமது சித்தாந்த வகுப்பிலே செம்பும் களிம்பும் என்று உவமை சொல்வார்கள். களிம்பைத் துலக்கினால் செம்பு அப்படியே இருக்கும். ஆனால் ஒளியில் உள்ள இந்த ஆட்டம் செம்பின்மேல் ஏறிய களிம்பு அன்று. அது ஒளியோடு கூடவே வந்தது. வந்தபின் அதைத் துலக்குகிறோம் என்று யாராவது சொன்னால், செம்பையும் சேர்த்துத்தான் துலக்குகிறார்கள்.

களிம்பு என்று சொல்லத்தக்க இரைச்சலும் உண்டு. அது சாதனத்தின் சொந்தக் குற்றம். சிலிக்கன் சூடாக இருந்தால் ஒளி விழாமலே இலத்திரன் கசியும். ஏறத்தாழ ஆறேழு பாகை வெப்பம் ஏறினால் கசிவு இரட்டிப்பாகும். (அப்புத்தளைக் குளிரில் நட்சத்திரத்தைப் படம் பிடிப்பவருக்கு மட்டக்களப்பில் பிடிப்பவரைவிடச் சிறு அனுகூலம் உண்டு. மூடுபனி விட்டால்!) அத்தோடு, டின்னைக் கவிழ்த்துக் காலி செய்யும்போது சில துளி உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்கும், எண்ணுகிற கருவியும் ஒன்றிரண்டு தவறாக எண்ணும்.

இதைக் கழிக்க விஞ்ஞானிகள் கண்ட வழியைக் கேட்டால் நம் தாய்மார் யாவருக்கும் உடனே விளங்கும். கொழுந்து மடுவத்திலே நேர்மையான கணக்கு எப்படி நடக்க வேண்டும்? வெறுங்கூடையை முதலில் நிறுத்து, பிறகு கொழுந்தோடு நிறுத்து, முன்னதைப் பின்னதிலிருந்து கழிக்க வேண்டும். உணரியிலும் அதையேதான் செய்கிறார்கள். டின்னைக் காலி செய்தவுடன், ஒட்டி நிற்கும் மிச்சத்தை ஒரு தடவை அளக்கிறார்கள்; ஒளி விழுந்தபின் மறுபடி அளக்கிறார்கள்; ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறார்கள். அமெரிக்காவின் வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனத்தில் மார்வின் வைற் என்பவரும் அவரது தோழர்களும் 1970களின் தொடக்கத்தில் இம்முறையை உருவாக்கினார்கள். 1980ஆம் ஆண்டு ஜப்பானின் நொபுகாசு தெரனிஷி, டின்னில் ஒரு துளிகூட ஒட்டாமல் வழித்து எடுக்கும் அமைப்பைக் கண்டார். கசிவும் அதனால் குறைந்தது. 1990களில் எரிக் பொசம் என்பவர் இன்றைய கைத்தொலைபேசிகளில் உள்ள உணரி வகைக்கு வழி திறந்தார். இவ்வகைக்கு முந்திய சீசீடீ உணரி 1969ஆம் ஆண்டில் வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் ஸ்மித் இருவரின் சிந்தனையில் பிறந்து, 2009ஆம் ஆண்டு அவர்களுக்கு நோபல் பரிசையும் பெற்றுத் தந்தது. அதைப் படம் பிடிக்கும் கருவியாக ஆக்கியவர் நாமே என்று அதே ஆய்வுகூடத்து மைக்கல் ரொம்ப்செற் முறையிட்டார். நோபல் குழு மாற்றவில்லை. ஆனால் 2017ஆம் ஆண்டின் எலிசபெத் மகாராணியார் பொறியியற் பரிசு ரொம்ப்செற், ஸ்மித், தெரனிஷி, பொசம் நால்வருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. பரிசுச் சண்டை நம்மூர்க் கோயில் பரிவட்டச் சண்டைக்குக் குறைந்ததல்ல என்று மட்டும் சொல்லி அப்பால் செல்கிறோம்.

கசிவை அடக்க இன்னொரு வழி குளிரூட்டல். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாராய்ச்சி நிலையத்தில், 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 2.3 மீற்றர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அங்கே உணரியைத் திரவ நைதரசன் கொண்டு உறைபனிக்கு வெகு கீழே குளிர்வித்து வானத்தைப் படம் பிடிக்கிறார்கள். இவை எல்லாம் நேர்மையான கழிவு. எதைக் கழிக்கிறோமோ அதை முதலில் அளந்துவிட்டுக் கழிப்பது, அல்லது அது பிறக்காமலே தடுப்பது.

இனி அந்தத் தம்பி சொன்ன "அரைவாசி"க்கு வருவோம். இன்றைய நல்ல உணரிகளில் எண்ணும் கருவியின் பிழை ஒன்றிரண்டு இலத்திரன் அளவுக்கு ஏற்கெனவே இறங்கிவிட்டது. ஒரு நிறுவனம் அதை இரண்டிலிருந்து ஒன்றாக்கிவிட்டு, "இரைச்சல் பாதி" என்று அச்சடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பொய்யா? அல்ல. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரு ஆட்டங்கள் சேரும்போது வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். வெளிச்சமான இடத்தில் ஒரு டின்னில் 2,500 இலத்திரன் என்றால் ஒளியின் சொந்த ஆட்டமே 50. பழைய உணரியில் மொத்த ஆட்டம் 50.04, புதியதில் 50.01. இந்த வித்தியாசத்தைப் பார்க்க வல்ல கண் மானிடருக்கு இல்லை. இருட்டில், 4 இலத்திரனே விழுந்த இடத்தில், பழையது 2.83, புதியது 2.24. இங்கே நன்மை உண்டு. ஆயினும் ஐந்தில் ஒரு பங்குதான், பாதியல்ல. மிச்சமெல்லாம் வானத்து மழையின் ஆட்டம்.

மெய்யான பாய்ச்சல் வந்ததும் உண்டு. முன்பு உணரியின் முகத்தில் கம்பிகள் குறுக்கே ஓடி ஒளியை மறைத்தன. தகட்டைக் கவிழ்த்து முதுகுப்புறத்தால் ஒளி வாங்கச் செய்து, ஏறத்தாழ இரு மடங்கு உணர்திறன் என்று 2008ஆம் ஆண்டு சோனி நிறுவனம் அறிவித்தது. அது கைத்தொலைபேசி போன்ற சிறிய உணரிகளுக்குப் பேருதவி. ஆனால் அந்த வித்தையை ஒரு தடவைதான் செய்யலாம். நல்ல உணரி தன்மேல் வந்து சேரும் ஒளித்துளிகளில் பெரும்பகுதியை இன்று பிடித்துவிடுகிறது. நூற்றுக்கு நூறுக்கு மேல் பிடிக்க எவராலும் ஆகாது. வண்ணத்தைப் பிரிக்கும் வடிகட்டிகள்தாம் இன்னும் பாதிக்கு மேற்பட்ட ஒளியை வீணாக்குகின்றன. அவற்றை அகற்றினால் வண்ணம் போகும். மிச்சம் இருப்பது பெரிய டின் வைப்பது ஒன்றே. பெரிய கமராவின் உணரி 36 மில்லிமீற்றருக்கு 24. விலையுயர்ந்த கைத்தொலைபேசிகள் பலவற்றினதும் அதில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்குதான். எனவே, கண்ணாடித்துண்டு போன்ற மெல்லிய ஒரு தொலைபேசி, அமாவாசை இருட்டிலே இரைச்சலே இல்லாத படம் தருகிறதென்றால், "ஒளி எங்கிருந்து வந்தது?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

விடை: வரவில்லை. கணிப்பொறி நிரப்பியது.

மடுவத்திலே இன்னொரு கழிவும் நடப்பதுண்டு. பெரியவர்களுக்குத் தெரியும். கொழுந்தைத் தொட்டுப் பார்த்து, "ஈரம்" என்று சொல்லி, அளக்காமலே இரண்டு கிலோவை வெட்டுவது. வெட்டியவர் சொல்வது சில நாள் சரியாகவும் இருக்கும். மழையில் பறித்த கொழுந்து நனைந்துதான் இருக்கும். ஆனால் எத்தனை என்று நிறுத்தவர் யார்? மென்பொருளால் செய்யும் இரைச்சல் குறைப்பு இந்த வகை. ஒரு புள்ளி தன் அயற்புள்ளிகளிலிருந்து வேறுபட்டால், அது இரைச்சலாயிருக்கும் என்று ஊகித்து அயலாரைப் போல் ஆக்கிவிடுகிறது. தழும்பும் அயல் தோலிலிருந்து வேறுபட்டதுதானே!

இதனினும் நல்ல முறை ஒன்று புதிய தொலைபேசிகளில் உண்டு. ஒரு படத்துக்குப் பதிலாக ஒன்பது படத்தை விரைவாக எடுத்துச் சராசரி காண்பது. ஒன்பதைச் சேர்த்தால் ஆட்டம் மூன்றில் ஒன்றாகும். பதினாறைச் சேர்த்தால் நான்கில் ஒன்று. அசையாத பொருளுக்கு இது மிகவும் நேர்மையான முறை. உண்மையாகவே அதிக ஒளி சேர்கிறது. நமுனுக்குலை மலை அசையாது. ரதி அசைகிறாளே! தீப்பொறி ஒன்பது படத்தில் ஒன்றில் மட்டும் இருக்கும். அடுத்ததில் வேறிடம் போய்விடும் அல்லது அணைந்துவிடும். ஒன்பது சாட்சிகளில் எட்டுப் பேர் காணவில்லை என்றால் ஒன்பதாவது சாட்சி பொய்யன் என்று இயந்திரம் தீர்ப்புச் சொல்கிறது. வாத்தியாரின் வேட்டியைச் சுட்ட பொறி அப்படித்தான் வழக்கில் தோற்றது.

இது நம் கூத்துக்கு மட்டும் நேர்ந்த கதியென்று எண்ண வேண்டாம். 2004ஆம் ஆண்டில் வந்த நிக்கொன் டி70 போன்ற கமராக்கள், நீண்ட நேரம் திறந்து பிடித்த படங்களில், தனித்து நிற்கும் ஒளிப்புள்ளியைச் சாதனக் குற்றம் என்று கருதித் துடைத்தன. வானியல் அன்பர்கள் பார்த்தால், மங்கலான நட்சத்திரங்களையே காணோம். 'நட்சத்திரம் தின்னி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவர்கள் கண்ட தந்திரம் வேடிக்கையானது. படம் எடுத்தபின், இருட்டுப் படம் ஒன்றை ஒப்பீட்டுக்காகக் கமரா தானே எடுத்துக்கொண்டிருக்கும்போது, சடாரென்று கமராவை அணைத்துவிடுவது. துடைக்காத மூலப் படம் அப்போது கிடைத்துவிடும்! 2016ஆம் ஆண்டையொட்டி சோனி நிறுவனத்தின் ஆல்பா ஏழு வரிசைக் கமராக்கள் சிலவற்றிலும் இதே புகார் எழுந்தது. மூலப் படம் என்று பெயரிட்ட கோப்பிலேயே துடைப்பம் புகுந்திருந்ததுதான் அன்பர்களின் கோபத்துக்குக் காரணம். பின்னர் வந்த கமராக்களில் அது தணிந்தது. நிறுவனத்தார் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. திருமண வீட்டுப் படக்காரருக்கு நட்சத்திரம் வேண்டியதில்லை.

புள்ளியை மதித்தவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கும் காவலூரே சாட்சி. 1977ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் திகதி, துலா ராசியிலிருந்த ஒரு நட்சத்திரத்தை யுரேனசுக் கிரகம் மறைத்துச் செல்ல இருந்தது. காவலூரின் ஒரு மீற்றர் தொலைநோக்கியில் ஒளிமானி பொருத்தி ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தார்கள். கிரகம் மறைப்பதற்கு முன்னரே நட்சத்திரத்தின் ஒளி சில விநாடி சட்டென்று தாழ்ந்து மீண்டது. மேகத் துணுக்கு என்று தள்ளியிருக்கலாம். கருவியின் இரைச்சல் என்று துடைத்திருக்கலாம். அவர்கள் தள்ளவில்லை, துணைக்கோள் ஒன்று குறுக்கே போயிருக்கலாம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இரவு இந்து சமுத்திரத்துக்கு மேலே ஆகாய விமானத்திலிருந்து நோக்கிய ஜேம்ஸ் எலியற் குழுவினர், கிரகத்தின் இரு பக்கத்திலும் இத்தகைய தாழ்வுகள் ஒத்து வருவதைக் கண்டு, அவை யுரேனசின் வளையங்கள் என்று நிறுவினார்கள். காவலூரார் கண்ட தாழ்வும் வளையமே. அவர்களுடைய ஊகம் பிழைத்தது, அளவீடு பிழைக்கவில்லை. அளவீட்டைப் பத்திரமாக வைத்திருந்தபடியால்தான் ஊகத்தைத் திருத்த முடிந்தது.

இங்கே சமயம் எங்கே என்று கேட்ட எமக்கு, அது வந்துவிட்டதாகவே தோன்றுகிறது. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் அளவையைப் பற்றிக் கூறும் பகுதியை நமது வகுப்பில் படித்திருக்கிறோம். காட்சி, கருதல், உரை என்று அறியும் வழிகள். புகையைக் கண்டு தீ உண்டெனத் துணிவது கருதல். தீயையே காண்பது காட்சி. காட்சியிலும் குற்றம் உண்டு. கயிறோ பாம்போ என்று தெளியாமல் நிற்பது ஐயக்காட்சி. கயிற்றைப் பாம்பென்றே துணிவது திரிபுக்காட்சி. புள்ளி மயமான படம் ஐயக்காட்சி: "இவ்விடத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை" என்று அது தானே ஒப்புக்கொள்கிறது. துடைத்த படம் அந்த ஐயத்தை மறைத்து, கருதலைக் காட்சியென்று நீட்டுகிறது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருவர் நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, சாம்சங் தொலைபேசியால் தூர நின்று பிடித்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்திலே வந்து நின்றன. நிலவு என்று அறிந்தால் விவரத்தைக் கூட்டும் செயற்கை நுண்ணறிவு அதில் உண்டென்று நிறுவனமும் விளக்கம் தந்தது. நிலவு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதால் இதில் பெரிய தீங்கில்லை. நமது முகங்கள் அப்படியல்லவே.

தம்பி சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "உங்கள் பழைய கமராவும் பாதி ஊகம்தானே ஐயா! ஒரு டின் சிவப்பையோ பச்சையையோ நீலத்தையோ ஒன்றை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் அயல் டின்னைப் பார்த்து நிரப்புகிறார்கள். கண்ணும்கூட இருட்டில் ஊகித்துத்தான் பார்க்கிறது" என்றார். முழுக்க உண்மை. குழுவில் ஒருவருக்கும் உடனே பதில் வரவில்லை. எமக்குப் பட்டதைச் சொன்னோம். ஊகிப்பது குற்றமன்று, ஊகித்தபின் முதலில் அளந்த எண்ணை அழித்துவிட்டால் பிறகு திருத்த வழியில்லை. அவருடைய தொலைபேசியில் மூலப் படத்தையும் சேர்த்து வைக்கும் வசதி இருந்தது. இடம் பிடிக்கும் என்று அணைத்து வைத்திருந்தார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிப் பேசுகிறோம்? நம் சமூகத்துக்கு ஏடும் கல்வெட்டும் அதிகம் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் ஒரே லயத்தில் இருந்தவர்களைக் கடலுக்கு இக்கரை அக்கரையாகப் பிரித்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, பிறப்புச் சான்றிதழின் ஒரு இலக்கம் ஒரு குடும்பத்தின் தலைவிதி. அந்தக் காகிதங்களும் அவற்றில் ஒட்டிய சிறு படங்களும் இன்னும் நமது வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கின்றன. இப்போது பிள்ளைகள் அவற்றைத் தொலைபேசியில் பிடித்து, "தெளிவாக்கி"க் கொடுக்கிறார்கள். 2013ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்பவர், சில ஜெரொக்ஸ் இயந்திரங்கள் சிறிய எழுத்திலுள்ள 6 என்ற இலக்கத்தை 8 என்று மாற்றிப் பிரதி செய்வதைக் கண்டுபிடித்தார். அது இரைச்சல் குறைப்பு அன்று, கோப்பின் அளவைச் சுருக்கும் வேலை. ஆனால் குணம் ஒன்றுதான். மங்கலான இலக்கம் மங்கலாக வந்திருந்தால் எழுதுவினைஞர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக் கேட்டிருப்பார். தெளிவாகவும் பிழையாகவும் வந்த இலக்கத்தை யார் கேட்பார்? நிறுவனம் பின்னர் அதைத் திருத்தும் மென்பொருளை வெளியிட்டது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. சுவரில் தொங்கிய படங்களும் அவற்றோடு போயிருக்கும். இப்படி எல்லாம் இழந்த ஒருவருக்கு, யாரோ ஒரு உறவினரின் தொலைபேசியில், ஏதோ ஒரு கலியாணக் கூட்டத்தின் மூலையில், தாயின் முகம் கடுகளவாக அகப்படுகிறது என்று நினைத்துப் பாருங்கள். கடையில் கொடுத்தால் பெரிதாக்கி, புள்ளி நீக்கி, கண் இமை மயிர்கூடத் தெரியும்படி தருவார்கள். அந்தக் கடுகளவில் இமை மயிர் இருந்ததில்லை. அது வேறு ஆயிரம் முகங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம் வரைந்தது. வேண்டாம் என்று அவரைத் தடுக்க நமக்கு மனம் வருமா? வராது. அழகான படத்தைச் சுவரில் மாட்டட்டும். அந்தக் கடுகளவு மூலப் படத்தையும் பெட்டியில் வைத்துக்கொள்ளும்படி மட்டும் சொல்லுவோம். பேரப்பிள்ளை ஒரு நாள் கேட்பான்.

மலர்க் குழுவின் முடிவைச் சொல்லி முடிக்கிறோம். பழைய கமராவின் புள்ளிப் படத்தையே போடுவதென்று முடிவாயிற்று. அச்சகத்தார் முகம் சுளித்தார். ஆனால் மலரின் அரைப்பக்க அளவுக்குச் சுருக்கியபோது, பதினாறு புள்ளி ஒரு புள்ளியாகக் கலந்து, ஆட்டம் நான்கில் ஒன்றாகி, மிளகுத்தூள் ஏறக்குறைய மறைந்துபோயிற்று. அது காசு செலவில்லாத இரைச்சல் குறைப்பு. மூலமும் அப்படியே இருக்கிறது. தம்பியும் தன் தொலைபேசியில் அந்த வசதியைத் திறந்துவிட்டார்.

உங்கள் கையிலுள்ள மலரைப் புரட்டிப் பாருங்கள். பொறிகள் தெரிகின்றன, வாத்தியார் எண்ணிப் பார்த்தார், பதினொன்று. நெற்றித் தழும்புதான் சுருக்கியதில் போய்விட்டது போலும்; எமக்குத் தெரியவில்லை. தாயாரிடம் காட்டினோம். "இந்தா இருக்கே" என்று விரலை வைத்தார்.